வீரம்மாள் வாங்கிய சின்னப் படகு

கொள்ளிடத்தின் வடகரையில் வாழைத்தோட்டம் வைத்திருந்த வீரம்மாளுக்கு நீச்சல் தெரியாது. ஆற்றங்கரையில் பிறந்து, ஆற்றங்கரையிலேயே வாழ்க்கைப்பட்டும் தெரியாது. கோடையில் கவலையில்லை, ஆறு மணலாகக் கிடக்கும், இலைக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே ஸ்ரீரங்கம் போய்விடுவாள். ஆவணியில்தான் கல்யாணமும் வெள்ளமும் கைகோத்துக்கொண்டு வந்துவிடும். அப்போது பரிசல்காரர் பெரியண்ணனின் தயவு வேண்டும். பெரியண்ணனுக்கும் வாழைத்தோட்டம் உண்டு. ஆகவே அவர் இலை முதல் நடையில் போகும். வீரம்மாள் இலை பந்தி முடிகிற நேரத்துக்குப் போகும். பாலம் வழியாகச் சுற்றினாலோ மாட்டுவண்டிக் குலுக்கலில் பாதி கிழிந்துவிடும். கிழிந்த இலையில் சம்பந்திக்குச் சோறு போட்டுக் கல்யாணத்தைக் கரைசேர்த்தவர் உலகத்தில் இல்லை.

ஐம்பத்தாறாம் வருஷ ஆவணியில் ஸ்ரீரங்கத்தில் ஒரு பெரிய கல்யாணம். சமையல் தலைவர் சௌரி அய்யங்கார் இருவரையும் கூப்பிட்டுச் சொன்னார்: "முகூர்த்தத்தன்னிக்குக் கார்த்தால எவா இலை நன்னா வரதோ, இனிமே வருஷம் பூரா அவா இலைதான்."

வீரம்மாள் புருஷனோடு திருச்சிக்கு பஸ் ஏறினாள். பட்டாளத்துப் பழைய சாமான் விற்கும் கலீல் பாய் கடையில், காற்றடித்து மிதக்கவிடும் ரப்பர் படகு இரண்டு கிடந்தன. ஒன்றில் எட்டுப் பேர் உட்காரலாம். மற்றதில் ஒருவர், அதுவும் காலை மடக்கிக்கொண்டு.

புருஷன் பிச்சமுத்துவுக்குப் பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை. அதனால் இரும்பு, ரப்பர், பெண்சாதி எல்லாவற்றைப் பற்றியும் அவனுக்கு அபிப்பிராயம் உண்டு.

"பெருசை எடு புள்ள. ஐம்பது கட்டு அடுக்கலாம்."

"சின்னதுல நீங்க உக்காந்தா ஒரு இலைக்குக்கூட இடம் இருக்காதும்மா," என்றார் கலீல். "விக்கிறவன் நானே சொல்றேன்."

"சின்னதையே மடிச்சுக் குடுங்க பாய். கூடவே நல்ல கயிறா ஒண்ணு."

செய்தி எட்டியதும் பெரியண்ணன் மறுநாளே போய்ப் பெரிய படகைத் தூக்கிவந்தார். பரிசல் இருக்கும்போது படகு எதற்கு என்று கேட்கலாம். பக்கத்துத் தோட்டக்காரி வாங்கிவிட்டாள். அதைவிட வேறென்ன காரணம் வேண்டும்?

"என்ன தங்கச்சி, தொட்டில் வாங்கியிருக்கியாமே? யாரு ஆட்டுறது?"

"ஆறு ஆட்டும்ணே. தாலாட்டை நீங்க பாடுங்க."

முகூர்த்தத்தன்று விடிந்ததும் பெரியண்ணன் ஐம்பது கட்டோடு புறப்பட்டு, வீரம்மாளுக்கு அரைமணி முன்னதாகவே தென்கரையைத் தொட்டுவிட்டார். படித்துறையில் குளித்துக்கொண்டிருந்த சௌரி அய்யங்கார் படகைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"என்னய்யா இது?"

"மிலிட்டரி படகு சாமி. சண்டைக்குப் போனது."

"சண்டைக்கா? அதுல உக்காந்து பட்டாளத்துக்காரன் எதைத் தின்னானோ, எதைக் குடிச்சானோ! அதுக்குள்ள வந்த இலையிலயா பெருமாள் பிரசாதம் பரிமாறறது? அபசாரம்!"

எருமைத்தோல் போர்த்த பரிசலில் இத்தனை வருஷம் வந்த இலையை அவர் இப்படி விசாரித்ததில்லை. அந்தத் தோலைப் பற்றி எடுத்துச் சொல்லப் பெரியண்ணன் வாயெடுத்தார். ஆனால் தன் பரிசலுக்குத் தானே குழி வெட்டுகிறோம் என்று பாதியில் புரிந்ததால் வாயை மூடிக்கொண்டார்.

அப்போதுதான் ஆற்றில் அது தெரிந்தது. முன்னால் கைப்பிடியளவில் ஒரு படகு; அதில் காலை மடக்கிக்கொண்டு, பல்லைக் கடித்துத் துடுப்புப் போடும் வீரம்மாள். பின்னால் நீளக் கயிற்றில், வாழைமட்டை சுற்றிய இலைக்கட்டுகள் வாத்துக்கூட்டம்போல் ஒன்றன்பின் ஒன்றாக மிதந்து வந்தன. மேற்கே அரை மைல் தள்ளிப் படகை விட்டிருந்தாள். மீதியை ஆறே பார்த்துக்கொண்டது.

சௌரி அய்யங்கார் ஒரு கட்டைப் பிரித்தார். ஒரு கிழிசல் இல்லை. நீர் சொட்டச் சொட்டத் தளதளவென்றிருந்தது.

"பேஷ்! இலை படகையே தொடலை. கொள்ளிடம்னா வடதிருக்காவேரியாக்கும்; அதுல தீர்த்தமாடிண்டே வந்திருக்கு. எடுத்துண்டு வாங்கோடா!"

அன்று மதியம் பந்தியில் சம்பந்திகள் இலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஸ்ரீரங்கத்தில் அதற்குமேல் பாராட்டு கிடையாது. அதன்பின் எத்தனையோ வெள்ளம் வந்து வடிந்தது. அந்தச் சமையற்கட்டுக்கு வேறு இலை போனதில்லை.

பெரியண்ணன் மட்டும் அன்றே கேட்டுவிட்டார்: "ஏன் தங்கச்சி, இலை ஏத்த இடமில்லேன்னு தெரிஞ்சேவா சின்னதை எடுத்தே?"

"இலை தானா மிதக்கும்ணே, அதுக்கு எதுக்குப் படகு? எனக்குத்தான் நீச்சல் தெரியாது."

பெரியண்ணன் தம் எட்டுப் பேர் படகைப் பார்த்தார். ஐம்பது கட்டும் அதில் அப்படியே இருந்தன.

"இப்ப இதை என்ன பண்றது?"

"வித்துட்டுக் கயிறு வாங்குங்க," என்றாள் வீரம்மாள்.