கேமராப் பையும் கம்பி ஷூவும்

ஷூவைப் படமெடுப்பதில் இருக்கிற ஒரே கஷ்டம், அதற்குள் கால் இல்லை என்பதுதான். கால் இல்லாத ஷூ வாய் தொங்கிச் சோர்ந்துபோய் உட்கார்ந்துவிடும். உள்ளே கம்பியை வளைத்து வைத்து, பேப்பர் அடைத்து, நாக்கை ஊசியால் தூக்கிப் பிடித்து, அடியில் கொஞ்சம் பசைமண் ஒட்டி நிறுத்தினால்தான் யாரோ போட்டுக்கொண்டு நிற்கிற மாதிரித் தெரியும். அதனால் என் கேமராப் பையில் லென்ஸைவிடக் குறடு, குத்தூசி, திருப்புளி, திருகு முடுக்குகிற ஆலன் கீ சாவிகள் இவையெல்லாம்தான் ஜாஸ்தி. ஆம்பூரிலேயே எடுத்தால் ஒரு தொல்லையும் இல்லை. கண்காட்சி, வெளியூர் ஃபேக்டரி என்று விமானம் ஏறும்போதுதான் வம்பு. எக்ஸ்ரே மெஷினுக்குள் போன நம் பை பாதியில் நின்று, மெதுவாகப் பின்னால் நகர்ந்து, மறுபடி முன்னால் வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள் உங்களில் எத்தனையோ பேர் இருப்பீர்கள். உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

வெளியூர் போக நான் பயப்பட இன்னொரு காரணமும் உண்டு. என் மகள் ஷைனி பிறந்தபோது இரண்டு பாதமும் உள்பக்கமாகத் திரும்பியிருந்தன. வாராவாரம் வேலூருக்குத் தூக்கிப்போய் மாவுக்கட்டு போட்டுப் போட்டு நிமிர்த்தினோம். கட்டுப் பிரித்த பிறகு கம்பி ஷூ கொடுத்தார்கள். இரண்டு குட்டி ஷூ, நடுவே ஒரு இரும்புக் கம்பி. நாலு வயதாகும்வரை தூங்கும்போதெல்லாம் அதைப் போட வேண்டும். விட்டால் பாதம் பழையபடி திரும்பிக்கொள்ளும். அவள் தூங்குகிற நேரத்தில் நான் எந்த ஊரில் இருந்தாலும் என் நினைப்பு அந்தக் கம்பியில்தான்.

வெட் புளூ

ஷைனி பிறந்த பிறகு நான் போன முதல் பயணம் டெல்லிக்கு. தோல் பதனிடுகிற டேனரிக்காரர் ஒருவர், சாயம் ஏற்றாத நீல நிற ஈரத்தோல் துண்டுகளைப் பாலித்தீன் கவரில் போட்டுக் கொடுத்து, அங்கே வைத்துப் படமெடுக்கச் சொல்லியிருந்தார். அந்தப் பதத்தில் இருக்கிற தோலுக்கு எங்கள் பக்கம் வெட் புளூ என்று பெயர். சென்னையில் சோதனை வரிசையில் நின்றபடியே வீட்டுக்கு போன் போட்டுக் கம்பியை மாட்டியாச்சா என்று கேட்டேன். மாமியார், இன்னும் பொழுதே சாயலம்மா என்றார்.

போனை வைப்பதற்குள் பெண் அதிகாரி, பையில் திரவம் ஏதாவது உண்டா என்று கேட்டார். கான்வென்டில் படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. கேள்வி கேட்டால் நிமிர்ந்து நின்று, கேட்டதற்கு மேலேயே உண்மை சொல்லிவிடுவோம். வெட் புளூ இருக்கிறது மேடம் என்றேன். அவர் கவரைப் பிரித்தார். அந்த வாடை உங்களில் யாருக்காவது தெரிந்திருந்தால் மேலே சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து வரிசையே இரண்டு அடி தள்ளிப்போனது. அது தோல்தான், தண்ணீர் இல்லை என்று புரியவைப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. மூக்கைப் பொத்திக்கொண்டே கவரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவர் சொன்னார்:

"வெட்டும் தெரியுது, புளூவும் தெரியுது. இத எதுக்கு ஏரோபிளேன்ல ஏத்துறீங்கன்னுதாம்மா தெரியல."

டை

தோலை ஷூ வடிவத்தில் வெட்டுவதற்கு, பட்டையான இரும்பை வளைத்துச் செய்த அச்சு ஒன்று இருக்கும். ஃபேக்டரியில் எல்லோரும் அதை டை என்போம். டெல்லியிலிருந்து திரும்பும்போது, பெட்டியை ஏற்கெனவே போட்டுவிட்ட பிறகு, ஒரு கம்பெனிக்காரர் ஓடிவந்து சின்ன டை ஒன்றை என் கையில் திணித்துவிட்டுப் போனார். கூட வந்தவர் சலீம் பாய். எங்கள் கம்பெனிக்கு ஆர்டர் பிடிப்பவர். என் அப்பா வயது. அதைப் பையில் போடாதே என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பை மெஷினுக்குள் போய்விட்டது.

இது என்ன என்று அதிகாரி இங்கிலீஷில் கேட்டார். நானும் இங்கிலீஷிலேயே, டை சார் என்றேன். அவர் முகம் மாறியது. இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டார். நான் எழுத்துக் கூட்டிச் சொல்லப் போக, அது சாவுக்கும் அதே எழுத்து என்று பாதியில்தான் எனக்கே உறைத்தது. கடைசியில் டையை வாங்கி வைத்துக்கொண்டு எங்களை விட்டார்கள். ஓடிப்போய் விமானத்தில் உட்கார்ந்ததும், போனை அணைக்கச் சொல்வதற்குள் வீட்டுக்குப் பேசிக் கம்பியைப் பற்றிக் கேட்டேன். மாட்டிவிட்டார்களாம், அழுகிறாளாம். பக்கத்து சீட்டிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த சலீம் பாய் சொன்னார்:

"உன் பேஜாரு எனக்குப் புரியுது. ஆனா இனிமே அச்சுன்னே சொல்லும்மா. இங்கிலீஷ்ல சொன்னா யாரோ சாவுறாங்க."

மகளும் கேபின் பையும்

அடுத்த தடவை பால்குடி மறக்காத ஷைனியையும் கொல்கத்தாவுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கேமராப் பையைப் பற்றித்தான் பயந்துகொண்டிருந்தேன். அது சமர்த்தாக வெளியே வந்துவிட்டது. துணிப்பைதான் பாதியில் நின்றது. திரையில் பார்த்தவர் இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு வட்டம், நடுவே கனமான ஒரு கோடு. எனக்கே அது கைவிலங்கு மாதிரித்தான் தெரிந்தது.

திறந்து காட்டினேன். அப்போதும் பையைச் சோதித்த அம்மாவுக்குப் புரியவில்லை. அந்த மேசைமேலேயே ஷைனியை உட்கார வைத்து, ஒரு காலை நுழைத்து, வாரை இழுத்து, அடுத்த காலை நுழைத்து மாட்டிக் காட்டினேன். பின்னால் நின்ற ஆண்கள் முணுமுணுப்பதை நிறுத்திவிட்டார்கள். ஷைனி கம்பியோடு சேர்த்து இரண்டு காலையும் தூக்கி மேசையில் தட்டிச் சிரித்தாள். அந்த அம்மா நாகர்கோவில் பக்கமாம். ஷூவின் குதிகாலை விரலால் தொட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்:

"இத்துனூண்டு காலுக்கு இவ்வளவு பெரிய கம்பியா, மக்களே."

சாவி

ஆக்ராவில் அடுத்தடுத்து இரண்டு ஃபேக்டரிக்கு வேலை வந்தது. ஷைனிக்கு அப்போது சளி, காய்ச்சல். விட்டுவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது. நான் கடைசி நிமிஷம்வரை அவளை மடியில் வைத்திருந்தேன். பையை என் கணவர் ஸ்டீபன்தான் அடுக்கினார். அவருக்கு ஷூ ஃபேக்டரியில் பேக்கிங் செக்‌ஷன். அடுக்குவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. மேசை டிராயரில் ஒரு குட்டி ஆலன் கீ கிடந்ததைப் பார்த்து, நான் மறந்துவிட்டதாக நினைத்து, டிரைபாட் சாவிகளோடு அதையும் போட்டுவிட்டார்.

சென்னையில் சாவிப்பையை மேசையில் கொட்டினார்கள். பெரியதெல்லாம் சலீம் பாயின் பெட்டியில் போயிருந்தது. கொட்டியதிலும் இரண்டை விட்டார்கள், மிச்சத்தை எடுத்துக்கொண்டார்கள். எதை விடுவார்கள், எதை எடுப்பார்கள் என்பது அன்றைக்கு அவர்கள் மனசைப் பொறுத்தது, நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்தக் குட்டிச் சாவி எதற்கு என்று கேட்டார்கள். எனக்கும் தெரியவில்லை. எல்லாம் ஒரே மாதிரி வளைந்த கறுப்புக் கம்பிதானே. யோசித்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து, சாவிகளைப் பிரித்துக்கொண்டிருந்த பெண் காவலர் சொன்னாள்:

"இன்னாத்துக்குன்னே தெரியாத சாமான இன்னாத்துக்குக்கா தூக்கினு போறீங்க? உட்டுட்டுப் போங்க."

ஜோடி

ஆக்ராவில் இருக்கும்போது ஸ்டீபன் போன் செய்தார். கம்பி ஷூவின் திருகு லூசாகிவிட்டது, டிராயரில் இருந்த குட்டிச் சாவி உன் பையில் இருக்கிறதா பார் என்றார். அது சென்னையில் ஒரு குப்பைத் தொட்டியில் இருந்தது. அவரே சமாதானம் சொன்னார். தையல் மெஷின் மெக்கானிக்கிடம் ஒரு சாவி வாங்கி இறுக்கிவிடுகிறேன், இதற்குப் போய் அழாதே என்றார். மறுநாள் இறுக்கிவிட்டதாகச் சொன்னார். அதற்கப்புறம் தினம் நல்ல செய்திதான். ஷைனி இப்போதெல்லாம் கம்பி மாட்டினால் அழுவதே இல்லையாம், அசந்து தூங்குகிறாளாம். ஆக்ரா வேலை இழுத்துக்கொண்டே போனது. அந்தச் செய்தியைக் கேட்டுவிட்டுத்தான் நானும் தூங்கினேன்.

ஷூ ஃபேக்டரியில் பேக்கிங் ஆட்கள் பெட்டியில் போடுமுன் ஜோடி பார்ப்பார்கள். இரண்டு ஷூவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முனையும் முனையும் நேராக இருக்கிறதா, ஒன்று வெளியே பார்க்கிறதா என்று ஒரு பார்வை. கோணலாக நின்றால் ரிஜெக்ட். ஸ்டீபன் நாளெல்லாம் செய்கிற வேலை அதுதான். கம்பி ஷூ அப்படி நிற்கக் கூடாது. இரண்டு முனையும் வெளிப்பக்கமாக விரிந்து பார்க்க வேண்டும். அந்தக் கோணம்தான் பாதத்தைத் திரும்பவிடாமல் பிடித்து வைக்கிறது. வேலூரில் அதை அளந்து வைத்துக் கொடுத்திருந்தார்கள். வாரம் தவறாமல் ஆஸ்பத்திரிக்குப் போனது நானும் மாமியாரும், அவருக்கு ஷிப்ட். கோணக் கணக்கு என் ஒருத்தி மண்டையில்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து, தூங்குகிற குழந்தையின் போர்வையை விலக்கினேன். இரண்டு ஷூவும் முனை பிசகாமல், பெட்டியில் வைத்த மாதிரி, நேராக நின்றன. கழற்றியபோது இடது பாதம் லேசாக உள்ளே வளைந்தது. பிடித்து வெளியே திருப்பினேன். விட்டதும் மறுபடி உள்ளே போனது. ஸ்டீபன் பக்கத்தில் வந்து நின்று, என்னையும் பாதத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவராகவே சொன்னார்:

"கோணலா நின்னுச்சி ஜெசி. நான்தான் நேரா வெச்சேன்."

டாக்டர்

மறுநாளே வேலூருக்குப் போனோம். ஸ்டீபன் லீவு போட்டுவிட்டு வந்தார், உள்ளே மட்டும் வரவில்லை. வராண்டாவிலேயே நின்றார். டாக்டர் ஷைனியை நடக்க விட்டுப் பார்த்தார், பாதத்தை மடக்கிப் பார்த்தார். திரும்ப மாவுக்கட்டு என்றார். அதில் நிமிரவில்லை என்றால் குதிகால் நரம்பில் சின்ன ஆபரேஷன் என்றார். கம்பி நேராக இருந்ததால்தான் இப்படி ஆனதா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்று இப்போது தோன்றுகிறது. டாக்டர் கைகழுவிக்கொண்டே, வராண்டாப் பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அதுவும் இருக்கலாம். ஒழுங்கா போட்டாலும் சில பாதம் திரும்பத்தாம்மா பாக்கும். அவர உள்ள வரச் சொல்லுங்க, கட்டு போடும்போது புடிச்சிக்க ஒரு ஆள் வேணும்."

மாவுக்கட்டு

இரண்டாவது கட்டோடு ஷைனியைக் கொல்கத்தாவுக்குத் தூக்கிப் போனேன். வேலையை விடவும் முடியாது, அவளை விடவும் மனசில்லை. ஸ்டீபன் இப்போதெல்லாம் அவள் காலைத் தொடுவதில்லை. சட்டை மாட்டிவிடுவார், சோறு ஊட்டுவார். காலருகில் வந்தால் கை நின்றுவிடும். வழியனுப்ப வந்தவர் விமான நிலைய வாசலில் அவள் தலையை மட்டும் தடவிவிட்டுப் போனார்.

கேமராப் பைக்கு அன்று அதிசயமாக ஒரு கேள்வியும் இல்லை. கட்டைத்தான் பிடித்துக்கொண்டார்கள். உள்ளே எதையாவது மறைத்திருக்கலாம் அல்லவா, அவர்கள் வேலை அது. துணித்திரைக்குப் பின்னால் வயதான ஒரு பெண் காவலர் முட்டி போட்டு உட்கார்ந்தார். கையில் பிடிக்கிற சோதனை மெஷினைக் கட்டின்மேல் மேலிருந்து கீழே ஓட்டினார். சின்னத் துணி ஒன்றால் கட்டைத் துடைத்து, வெடிமருந்து ஒட்டியிருக்கிறதா என்று அதை இன்னொரு மெஷினில் வைத்துப் பார்த்தார். பிறகு கட்டுக்கு வெளியே தெரிந்த ஐந்து விரலையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். ஷைனி அவர் தொப்பியைப் பிடித்து இழுத்தாள். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன், ஏதோ ரிசல்ட் வரப்போகிற மாதிரி. அவர் எழுந்து, முட்டியைத் தட்டிவிட்டுச் சொன்னார்:

"காலுல ஒண்ணும் இல்லம்மா. பயப்படாமப் போங்க."

அடுத்த வாரம் கட்டுப் பிரிக்கிறார்கள். இதுவரை என் மகள் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒண்ணும் இல்லை என்று சொன்ன ஒரே ஆள் அந்த அம்மாதான், அவருக்கோ வைத்தியம் தெரியாது.