கடைசிப் பத்து நிமிடம்

தேர்வுப் பிரிவு அம்மாவுக்குக் கால்பந்துப் பைத்தியம் என்று அந்தக் கல்லூரியில் எல்லோருக்கும் தெரியும். பைத்தியம் எப்படிப் பிடித்தது என்பதுதான் யாருக்கும் தெரியாது. பெரிய கதையெல்லாம் இல்லை. இருபத்தாறு வயதில் வேலைக்கு உத்தரவு வந்து, ஒரு டிரங்குப் பெட்டியோடு இந்த ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கினாள். சுற்றிலும் சமவெளி. ஒரு மேடு கிடையாது, ஒரு பள்ளம் கிடையாது. தூரத்தில் புழுதி கிளம்பினால் அரை மணி கழித்துத்தான் பஸ் வந்து சேரும். அதில் அவளைப் பார்க்க யாராவது வந்தால்தானே! முதல் சனிக்கிழமை சாயங்காலம் சோப்பு வாங்கக் கடைவீதிக்குப் போனால் எல்லாக் கடையும் பூட்டு. ஊரில் ஏதோ பெரிய சாவு என்று பயந்தே போனாள். பார்த்தால் மொத்த ஊரும் கல்லூரி மைதானத்தில் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறது. நாலு மனித முகத்தைப் பார்த்த சந்தோஷத்தில் கேலரியின் ஏழாவது படியில் காலியாக இருந்த இடத்தில் போய் உட்கார்ந்தாள். அவ்வளவுதான். பத்தொன்பது வருஷம் ஓடிவிட்டது, சனிக்கிழமையென்றால் அவளுக்கு அந்த இடம்தான்.

பக்கத்து இடத்துக்காரர் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். பேர் என்னவென்று அவள் கேட்டதில்லை. அவருக்கு இவள் "மேடம்", இவளுக்கு அவர் "சார்". குடும்பம், உடம்பு, ஊர்வம்பு எதுவும் பேச மாட்டார்கள். பேச்செல்லாம் பந்தைப் பற்றித்தான்.

அந்த மைதானத்தில் காற்று சும்மா இருக்காது. அதனால் இடம் பிடிக்கிறவர்கள் செய்தித்தாளை விரித்து மேலே ஒரு கல்லை வைப்பார்கள். கல் இருந்தால் ஆள் வருகிறார் என்று அர்த்தம், எவ்வளவு பெரிய மனிதரும் அதை நகர்த்த மாட்டார். முன்னெல்லாம் அவர்தான் முதலில் வந்து இரண்டு கல் வைப்பார். கடைசி இரண்டு வருஷமாக இவள்தான் முந்திக்கொண்டாள். அதில் கொஞ்சம் பெருமை வேறு.

ஆட்டம் தொடங்கினால் அவள் வாய் மூடாது. யார் எடுத்தான், யார் கோட்டைவிட்டான், எவனை வீட்டுக்கு அனுப்ப வேண்டும், எல்லாம் சொல்லித் திட்டித் தீர்ப்பாள். அவரும் விடாமல் கேட்பார்.

"லெஃப்ட்ல ஓடறது யாரு மேடம்?"

"கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? நம்ம குள்ளன்தான்!"

அவர் வயிறு குலுங்கச் சிரிப்பார். அவளுக்கும் அது பிடித்திருந்தது. வாடகை அறையில் அவளிடம் ஒரு கேள்வி கேட்க யார் இருக்கிறார்கள்? குக்கர் ஒன்றுதான் வாய் திறக்கும், அதுவும் மூன்று விசிலோடு சரி.

ஆனால் கடைசிப் பத்து நிமிடம் மட்டும் கப்சிப். ஒரு வருஷம் எண்பத்தைந்தாவது நிமிடத்தில் அவள் "இனி கப்பு நமக்குத்தான் சார்" என்று சொல்லித் தொலைத்தாள். அடுத்தடுத்து இரண்டு கோல் வாங்கிக் கல்லூரி தோற்றது. ஏழாவது படி மொத்தமும் அவளைத்தான் முறைத்தது. அன்றைக்கு இருவரும் சேர்ந்து போட்ட சட்டம் அது. தப்பித்தவறிக்கூட மீறியதில்லை.

போன சீசனின் கடைசி ஆட்டம். எண்பத்திமூன்றாவது நிமிடம். அவர் மெல்லச் சாய்ந்து, "மேடம், ஒரு விஷயம் சொல்லணும்..." என்றார். அவள் முகத்தைக்கூடத் திருப்பாமல் உள்ளங்கையை உயர்த்தித் தடுத்தாள். "மேடம்" என்றார் மறுபடி. "உஷ்!" என்றாள். அவர் அடங்கிவிட்டார். கல்லூரி ஜெயித்தது. கூட்டம் எழுந்து ஆடியதில் அவரைத் தவறவிட்டாள்.

புது சீசனில் அவர் வரவில்லை. நான்கு சனிக்கிழமை இரண்டு பேப்பர் விரித்தாள், இரண்டு கல் வைத்தாள். ஒரு மாணவி வந்து, "ஆன்ட்டி, இங்க ஆள் இருக்கா?" என்று கேட்டதற்கு, "கல்லு தெரியலியா?" என்று எரிந்து விழுந்தாள். கையைக் காட்டி வாயை அடைத்ததில் மனுஷருக்குக் கோபமோ என்று மனசு அரித்தது. என்னதான் சொல்ல வந்தார்? அது தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு டிப்போவுக்குப் போனாள்.

மேட்ச் பார்க்க வரும் பழைய மெக்கானிக் எங்கே என்று விசாரித்ததும் அங்கே குமாஸ்தா கேட்டார்: "நீங்க யாரும்மா, சொந்தமா?"

"பக்கத்து இடம்."

"பக்கத்து வீடா?"

"இல்ல... கிரவுண்ட்ல. பக்கத்து இடம்."

குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்தார். "ஓ, அந்த மேடமா! உக்காருங்க. அவரைப் பொண்ணு வந்து கூட்டிட்டுப் போயிருச்சும்மா. கண்ணு போன மனுஷனை எத்தனை நாளைக்குத் தனியா விடும்?"

"கண்ணா?"

"உங்களுக்குத் தெரியாதா? ரெண்டு வருஷமாச்சே! வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது. நான்தான் கிரவுண்ட் கேட் வரைக்கும் கொண்டாந்து விடுவேன். ஏழு படியை எண்ணிக்குவாரு, அப்புறம் உங்க குரல் இருக்கு. 'மேடம் சொன்னா எனக்கு மொத்த மேட்ச்சும் தெரியுதுப்பா, அந்தக் கடைசிப் பத்து நிமிஷந்தான் இருட்டு'ன்னு சொல்லிச் சிரிப்பாரு."

கண் பொடனியிலயா என்று எத்தனை தடவை கேட்டிருப்பாள்! டிப்போ வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, போகிற வருகிற கண்டக்டர்கள் பார்க்கப் பார்க்க அழுதாள்.

குமாஸ்தா எழுதிக் கொடுத்த மகளின் போன் நம்பர் ஐந்து நாள் பர்ஸிலேயே கிடந்தது. கூப்பிட்டு என்னவென்று பேசுவது? சனிக்கிழமை ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று இழுத்துக்கொண்டிருந்தது. எண்பதாவது நிமிடம் தாண்டியதும் அவள் வழக்கம்போல வாயை மூடினாள். மூடிய வாயோடு பக்கத்துக் கல்லைப் பார்த்தாள். அதற்கு மேல் தாங்கவில்லை, போனை எடுத்தாள்.

"யாரு?" என்றது ஒரு பெண் குரல்.

"கிரவுண்ட்லேருந்து பேசறேன். அப்பாகிட்ட குடும்மா, சீக்கிரம்!"

"மேடமா?" என்றார் அவர். "எத்தனாவது நிமிஷம்?"

"எண்பத்திரண்டு."

"ஐயையோ, பேசாதீங்க! வைங்க போனை!"

"சும்மா இருங்க சார். குள்ளன் பந்தை எடுத்துட்டான், லெஃப்ட்ல போறான், ஒருத்தனைத் தாண்டிட்டான்..."

முன்படிக்காரர்கள் திரும்பி முறைத்தார்கள். முறைத்துவிட்டுப் போகட்டும்! அவள் நிறுத்தவில்லை. எண்பத்தொன்பதாவது நிமிடத்தில் எதிரணி கோல் போட்டது. அதையும் சொன்னாள்.

"போச்சா?"

"போச்சு."

"நான்தான் சொன்னேன்ல?" என்று சிரித்தார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "அன்னிக்கு என்ன சொல்ல வந்தீங்க சார்?"

"இதான் எனக்குக் கடைசி மேட்ச்னு. சட்டத்தை இன்னிக்கு ஒரு நாள் மட்டும் விட்டுட்டு, முடியற வரைக்கும் சொல்லுங்கன்னு கேக்கலாம்னு பார்த்தேன். பரவாயில்ல, விடுங்க."

கூட்டம் கலைந்து, விசிலும் கூச்சலும் அடங்கி, மைதானத்தில் காற்று மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

"மேடம், இருக்கீங்களா? இப்ப என்ன தெரியுது அங்க?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"யாரும் இல்ல சார். எல்லாரும் போயிட்டாங்க. நான் மட்டும்தான் இருக்கேன்."