எண்ணெயை ஒதுக்கிய மீன்குழம்பு

போன பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆறு வருடங்களுக்குப் பிறகு புதுச்சேரிக்குப் போனேன். லாஸ்பேட்டைக் கல்லூரியில் என்னோடு படித்த குமரவேல் ஒவ்வொரு மாசி மகத்துக்கும் வீட்டுக்குக் கூப்பிடுவான். நானும் ஏதாவது சாக்குச் சொல்வேன். இந்த வருடம் அவன் கூப்பிடவே இல்லை. மனசு கேட்கவில்லை, கிளம்பிவிட்டேன்.

சாக்குக்குக் காரணம் என் வயிறு. வறுவல், பூரி எது போனாலும் ஒரு மணி நேரத்தில் உப்பிக்கொண்டு வலிக்கும். குடலில் புண் எதுவும் இல்லை என்றார் மருத்துவர். எண்ணெயின் கொழுப்பு உள்ளே இறங்கியதும் சிலருக்குக் குடலின் உணர்ச்சி கூடிவிடுமாம், மற்றவர்களுக்குத் தெரியாத சாதாரணக் காற்றுகூட அவர்களுக்கு வலியாகத் தெரியுமாம். படிக்கிற காலத்தில் அவன் வீட்டு நெத்திலி வறுவலைத் தட்டுத் தட்டாகக் காலி செய்த நான் இதை எந்த வாயால் சொல்வது?

திருவான்மியூரில் காலை 6.40-க்குப் பேருந்து. கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 140 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். வழியில் இரண்டு இட்லி மட்டும். புதுச்சேரி நிலையத்திலிருந்து குமரவேல் வீடு இருக்கும் குருசுக்குப்பத்துக்கு ஆட்டோக்காரர் 150 கேட்டு 120-க்கு வந்தார். ஊருக்குப் புதுசா என்று கேட்டார், படித்ததே இங்கேதான் என்று கொஞ்சம் கெத்தாகவே சொன்னேன்.

அப்போதெல்லாம் வகுப்பு முடிந்ததும் குமரவேலின் ஓட்டைச் சைக்கிளில் இருவருமாக அவன் வீட்டுக்கு வருவோம். அவன் அக்கா வறுத்துப் போடப் போட, அடுப்படி வாசலிலேயே உட்கார்ந்து தின்போம். அந்தத் தெருவில் இறங்கியபோது கண் அந்த அடுப்படி வாசலைத்தான் தேடியது. அந்த வயதும் வராது, அந்த வயிறும் வராது.

பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. குமரவேலின் மனைவி தேவகி தட்டு நிறைய நெத்திலி வறுவல் வைத்தார். நான் ஒன்றை எடுத்துப் பிய்த்துக்கொண்டே இருந்தேன். குமரவேல் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"புடிக்கலன்னா வுட்டுடு. மீன்காரன் வூட்டு சோறுன்னு யோசிக்கிறியோன்னுதான் நானும் கூப்புடறத நிறுத்திட்டேன்."

வெட்கத்தை விட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"இத்த சொல்ல ஆறு வருசமாடா?" என்றான். கண் கலங்கியிருந்தது.

தேவகி வறுவலை எடுத்துவிட்டு, குழம்பில் மிதந்த எண்ணெயைக் கரண்டியால் ஒதுக்கி, அடியிலிருந்து சங்கரா மீன் எடுத்து வைத்தார். திருப்தியாகச் சாப்பிட்டேன். நாலு மணிப் பேருந்தில் வயிறு ஒரு தொந்தரவும் தரவில்லை.

என்னைப் போன்ற வயிற்றுக்காரர்களுக்கு: பயண நாளில் வறுவலைத் தவிர்த்துவிடுங்கள். எண்ணெயை அடியோடு விட வேண்டியதில்லை, ஒரே வேளையில் கொட்டிக்கொள்ளாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டால் எனக்கு ஒத்துக்கொள்கிறது. உங்கள் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். யார் வீட்டுக்காவது போவதென்றால் முதல் நாளே போனில் சொல்லிவிடுங்கள், அதில் அவமானம் ஒன்றுமில்லை. நான் சொல்லாமல் வயிற்றைக் காப்பாற்றிக்கொண்ட ஆறு வருடமும், தன் வீட்டுச் சோற்றில் என்ன குறை என்று அவன் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறான்.