ஓரகத்தி வராண்டாவில் ஒரு ப்ளக் பாயின்ட்

எழுபதுகளில் திருவள்ளூரில் என் கணவரும் அவர் தம்பியும் ஒரே வீட்டை இரண்டாகத் தடுத்துக் குடியிருந்தார்கள். கொழுந்தனுக்கு ரயிலில் போய்வரும் ஃபேக்டரி வேலை. அவர்தான் முதலில் வராண்டாவுக்குக் கிரில் அடித்து, மழைக்குப் படுதாவும் கட்டினார். அப்புறம் ஒயர்மேனை வரவழைத்து அங்கேயே ஒரு ப்ளக் பாயின்ட் வைத்தார். மேஜை ஃபேன் வந்தது. மூன்று வேளையும் என் கையால் சாப்பிட்ட மாமியார், மத்தியானமானால் தலையணையை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடுவார். எனக்கு வயிறு எரியும்.

அந்த ஒயர்மேனைக் கூப்பிட்டு எங்களுக்கும் ஒன்று வைக்கச் சொன்னேன்.

"உங்க வராண்டா தொறந்து கெடக்குதுக்கா. சாரல் அடிச்சா ஷாக்கு. அவங்களுக்கே உள்சுவத்துல, ஆள் உயரத்துல, மூடி வெச்சு, எர்த்தும் இழுத்துதான் போட்டேன். மொதல்ல நீங்க கிரில்லும் படுதாவும் போடுங்க" என்றான். என் கணவர் "அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றதோடு சரி.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் திடீரென்று மழை. கொழுந்தன் மனைவி, என் ஓரகத்தி, கடைக்குப் போயிருந்தாள். படுதா சுருட்டியபடியே இருந்தது. இடுப்பளவு நடுச்சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். ஸ்டூல் மேல் ஓடிக்கொண்டிருந்த ஃபேன் நனைந்துகொண்டிருந்தது. மாமியார் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தார். ஃபேன் பாழாகட்டும் என்று நின்றேன். எவ்வளவு நேரமோ தெரியாது, கொஞ்ச நேரம் இல்லை.

சாரல் மேலே பட்டு மாமியார் எழுந்தார். ஃபேனை நிறுத்தக் கையை நீட்டினார்.

"அத்தே, அதத் தொடாதீங்க!"

கத்திவிட்டு நடைக்கு ஓடினேன். இரண்டு வீட்டு மெயின் சுவிட்சும் அங்கேதான். இரண்டையும் இறக்கினேன். திரும்பி வந்தபோது அவர் கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒன்றும் ஆகவில்லை.

ஓரகத்தி நனைந்தபடி வந்தாள். விஷயம் தெரிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீங்க இல்லன்னா இன்னா ஆயிருக்கும்க்கா?"

"மழையப் பாத்ததும் ஓடியாந்தேன்" என்றேன்.

மறுவருஷம் எங்களுக்கும் கிரில், படுதா, மூடி போட்ட பாயின்ட், புது ஃபேன் எல்லாம் வந்தன. மாமியார் ஒருநாள் வந்து படுத்துப் பார்த்தார். "அங்க பழகிப்போச்சுமா" என்று சொல்லித் தலையணையை எடுத்துக்கொண்டு போனார். அன்றைக்கும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.