இறக்கிய சீட்டு

எங்கள் நெல்லித்தோப்பு ஆதிலட்சுமிக்கு மில்லில் வேலை. சைக்கிள் பந்தயத்துக்கு வாடகை வண்டியில்தான் பழகினாள். 1986 மழைக்காலத்தில் பந்தயம் எதுவும் இல்லை. அப்போது அவள் சேர்ந்திருந்த சைக்கிள் கிளப்புக்குக் கியர் வைத்த புது சைக்கிள் ஒன்று வந்தது. லாஸ்பேட்டை மேட்டை யார் வேகமாக ஏறுகிறாரோ, அடுத்த பந்தயங்களுக்கு அது அவருக்கு என்று பேச்சு. ஆண்கள் நால்வர் ஓட்டி முடித்ததும், ஆதிலட்சுமி ஸ்பேனரை எடுத்து சீட்டை இறக்கினாள்.

“மறுபடி யாரும்மா ஏத்தறது? சும்மா நின்னு பாரேன்,” என்றார் கிளப் செயலாளர் ஜானகிராமன்.

“எறக்கினாத்தாண்ணா காலு எட்டும்.”

அவள் மேட்டை ஏறிவிட்டுத் திரும்பியபோது, ஜானகிராமன் கடிகாரத்தை இரண்டு முறை பார்த்தார். நால்வரையும் முந்தியிருந்தாள்.

“சரி சரி, சீட்ட ஏத்தி வெச்சிட்டுப் போ.”

“ஏத்த மாட்டேண்ணா. என்னை முந்தறவங்க வந்து ஏத்திக்கட்டும்.”

சொல்லிவிட்டு அதே சைக்கிளில் மதிய ஷிப்டுக்குப் போய்விட்டாள்.