கடிக்காத நாய்க்குட்டி

எனக்கு நாய் என்றாலே ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரருக்கோ ஒரு நாய்க்காவது போடாமல் சோறு இறங்காது. பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் திரியும் வெள்ளை நாய் ஒன்று கோடை வந்தால் எங்கள் தறிக்குழியில்தான் படுக்கும். அவர் குழிக்குள் காலை விட்டு நெய்துகொண்டிருப்பார், அது அவர் காலடியில் தூங்கும். போன வருடம் ஒரு குட்டியோடு வந்து சேர்ந்தது. "பிள்ளை பெத்துக்கினு தாய் வூட்டுக்கு வந்துக்குதா மகாராணி?" என்று கத்தினேன். "பேத்தி வந்துக்குதுன்னு நெனச்சுக்கோம்மே" என்றார் அவர். இந்த மனுஷனை என்ன செய்வது!

குட்டி தெருவுக்கே செல்லமாகிவிட்டது. ஒருநாள் மார்க்கெட் பக்கமிருந்து ஓடிவந்த ஏதோ ஒரு நாய் அதைக் கடித்துவிட்டுப் போனது. காயம் ஆறியது, நாங்களும் மறந்துபோனோம். சில வாரம் கழித்துக் குட்டி சோறு தின்னாமல் மூலையில் ஒதுங்கியது. வாயிலிருந்து எச்சில் ஒழுகியது, குரல் கம்மிவிட்டது. "தொண்டையில எலும்பு மாட்டிக்கினு இருக்குது" என்று சொல்லி, என் வீட்டுக்காரர் அதன் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினார். எலும்பும் இல்லை, ஒன்றும் இல்லை. தரையெல்லாம் வழிந்த எச்சிலை நான்தான் துணி போட்டுத் துடைத்தேன். அடுத்த நாள் குட்டி கட்டிலின் காலை வெறிகொண்டு கடித்தது. அதற்கும் அடுத்த நாள் செத்துப்போனது.

அப்போதுதான் எனக்குப் பழையது ஒன்று ஞாபகம் வந்தது. நான் பிறந்த ஊர் திருப்புட்குழி. சின்ன வயதில் அங்கே ஓர் ஆளைப் பார்த்திருக்கிறேன். வெறிநாய் கடித்து மாதங்கள் போன பிறகு, ஒரு சொம்புத் தண்ணீரைப் பார்த்து அலறினார். அந்த நோய் வெளியே தெரிந்துவிட்டால் பிறகு எந்த வைத்தியனாலும் முடியாது. தெரிவதற்கு முன்னால் ஊசி போட்டால்தான் உண்டு.

"கெளம்புங்க ஆஸ்பத்திரிக்கு" என்றேன்.

"எதுக்கு? அது என்னைக் கடிக்கவே இல்லியே."

"வாய்க்குள்ள கைய வுட்டீங்களே!"

"வுட்டா? கடிச்சாத்தான ஊசி? தொப்புள சுத்திப் போடுவாங்க, நான் வரல போ."

ஊசி என்றால் அவருக்கு அவ்வளவு பயம். கடைசியில் நான் சாப்பிட மாட்டேன் என்று அடம் பிடித்துத்தான் கூட்டிப்போனேன். கிளம்புவதற்கு முன் இரண்டு பேரின் கையையும் சோப்புப் போட்டு, குழாயைத் திறந்துவிட்டு, தோல் சுருங்கும் வரை கழுவினோம். பக்கத்து வீட்டம்மா மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துக்கொண்டு வந்தார். "அதெல்லாம் வேணாங்க்கா, வையுங்க" என்று சொல்லிவிட்டு ஆட்டோ ஏறினேன்.

அரசு ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார்.

"நாய் கடிச்சுதா?"

"இல்லீங்க."

"பிராண்டுச்சா?"

"இல்லீங்க."

"கையில எங்கியாவது காயம் இருக்குதா?"

"இல்லவே இல்லீங்க டாக்டரம்மா."

எனக்கு வந்ததே கோபம்! கல்யாணமான நாள் முதல் 'என்னாங்க' என்று மட்டுமே கூப்பிட்டவள், அத்தனை பேர் முன்னால், "யோவ், காட்டுய்யா கைய!" என்று பிடித்து இழுத்து மேஜை மேல் விரித்து வைத்தேன். விரல் நுனியெல்லாம் வெடிப்பு. பட்டு இழையும் ஜரிகையும் அறுத்து அறுத்து, ஒன்று ஆறுவதற்குள் இன்னொன்று. ஓர் இடத்தில் ரத்தம் அப்போதுதான் காய்ந்திருந்தது.

அவர் என்னைப் பார்த்து, "இதுவாம்மே காயம்? இது கை" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் என்னை உலுக்கிவிட்டது. எங்கள் தெருவில் யாரும் இதைக் காயம் என்று சொல்லமாட்டார்கள். தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு மறுபடி தறியில் உட்காருவார்கள். டாக்டரம்மா அந்தக் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஐயா, பல்லு படணும்னு இல்ல. எச்சில் இந்த வெடிப்புல பட்டாலே போதும்" என்றார். தொப்புள் ஊசியெல்லாம் எப்போதோ ஒழிந்துவிட்டதாம், இப்போது கையில்தான். ஆனால் இவருக்கு வேறொரு மருந்தை அந்த வெடிப்புகளிலேயே, விரல் விரலாக, செலுத்த வேண்டும் என்றார். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அழுதது நான்.

"நீங்க குட்டியத் தொட்டீங்களாம்மா?" என்று என்னையும் கேட்டார்கள். துணி போட்டுத் துடைத்ததைச் சொன்னேன். அரிவாள்மணை கீறிய என் கட்டைவிரலையும் காட்டினேன். எனக்கும் ஊசி. "நாயே ஆவாதுன்னுட்டு எச்சில் தொடச்சிருக்குறா பாரு" என்று அந்த வலியிலும் என் வீட்டுக்காரர் சிரித்தார்.

குட்டியை வேறு யாரெல்லாம் தொட்டார்கள் என்று டாக்டரம்மா கேட்டதும் எனக்குத் தெருவே கண்முன் வந்து நின்றது. யார் தொடவில்லை? வீடு திரும்பி, தெருமுனையிலிருந்து ஒவ்வொரு வாசலாக நின்றேன். "எங்கள கடிக்கவே இல்லியேக்கா" என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். "கைய நீட்டு" என்றேன். எல்லாக் கையும் ஒரே கைதான். முகம் சுளித்தவர்களைத் திட்டினேன், தயங்கினவர்களைக் கெஞ்சினேன். ஷேர் ஆட்டோ பிடித்து எல்லாரையும் அனுப்பிவைத்த பிறகுதான் தண்ணீர் குடித்தேன்.

பிறகு நாய்கள் பிரச்சினை. சிலர் அடித்துப் போட்டுவிடலாம் என்றார்கள். என் வீட்டுக்காரர் வீங்கிய விரல்களோடு வாசலில் வந்து நின்று, "அதுங்களுக்கும் ஊசி போட்டா தீந்துது, எதுக்குப்பா கொல்றீங்க?" என்றார். நாய்களுக்கு ஊசி போட மாநகராட்சி ஆட்கள் வந்தபோது ஒரு நாயும் அகப்படவில்லை. வலையைப் பார்த்ததும் சந்து பொந்தெல்லாம் ஓடி ஒளிந்துகொண்டன. எனக்கு ஒரு யோசனை தோன்றியது. தேய்பிறை அஷ்டமியன்று பைரவர் சன்னதிக்கு வெளியே எங்கள் தெருப் பெண்கள் நாய்களுக்குத் தயிர்சோறு வைப்பது வழக்கம். வராத நாய் இருக்காது. அன்றைக்கு வாருங்கள் என்று அவர்களோடு வந்த கால்நடை டாக்டரிடம் சொன்னேன்.

"சாமி வாகனத்துக்கு அன்னிக்கேவா ஊசி?" என்று ஒரு பெரியம்மா சண்டைக்கு வந்தார்.

"வாகனத்துக்குச் சீக்கு வந்தா சாமி நடந்தா போவாரு?" என்றேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அஷ்டமியன்று எல்லா நாய்களும் வந்தன. வழக்கமாகச் சோறு போடுகிறவர்களே தலையைத் தடவிக்கொடுக்க, டாக்டர் ஒவ்வொன்றாக ஊசி போட்டு அடையாளத்துக்கு நெற்றியில் சாயம் வைத்தார். தாய் நாய் மட்டும் சோற்றுப் பக்கமே வராமல் மதிலோரம் படுத்திருந்தது. குட்டியை நக்கி நக்கி வளர்த்தது அதுதான், அதற்குத்தான் முதலில் போட வேண்டும், கட்டிவைத்துப் பல நாள் கண்காணிக்கவும் வேண்டும் என்றார் டாக்டர். யார் கிட்டே போனாலும் அது எழுந்து விலகியது. என் வீட்டுக்காரர் கூப்பிட்டால் வரும். ஆனால் அந்தக் கையோடு அவரை விட எனக்கு மனசு வரவில்லை. "நீங்க உக்காருங்க" என்று சொல்லிவிட்டு நானே போனேன்.

ஒரு கையில் கயிறு, ஒரு கையில் சோறு. ஆயுசில் நான் நாயைத் தொட்டதில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். அது என்னைப் பார்த்தது, ஓடவில்லை. கயிற்றை மெதுவாகக் கழுத்தில் போட்டு, டாக்டர் கொடுத்த துணிப்பட்டையை வாயைச் சுற்றிக் கட்டினேன். அதற்கும் சும்மா இருந்தது. பின்னாலிருந்து டாக்டர் ஊசியைப் போடும்போது தலையை என் மடியில் வைத்துவிட்டது. என்னால் அடக்க முடியவில்லை.

"எங்க வூட்டுக்காரரு எனுக்கு இருக்குறாருடி. உன் குட்டி பூடுச்சே, உனுக்கு நான் இன்னாடி செய்வேன்?" என்று அத்தனை பேர் முன்னால் வாய்விட்டு அழுதேன்.