ஒரே சரிவில் இரண்டு சோடி பூட்ஸ்

ஈஸ்டர் விடுமுறை முடிந்து, நான் வேலை செய்யும் ஸ்கீ கடை திறந்த அன்று காலை, நித்யா தன் ஸ்கீ பூட்ஸைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பின்னால் தன் சோடியோடு அவருடைய கணவர் கார்த்திக். சென்னையிலிருந்து ஒஸ்லோவுக்கு வேலைக்கு வந்தவர்கள். மலையேறிச் சறுக்குவதற்கான எடை குறைந்த பூட்ஸ் அது. இருவருக்கும் ஒரே மாடலை நான்தான் அளவு பார்த்துக் கொடுத்திருந்தேன்.

விடுமுறையில் மலைக்குப் போனபோது, ஏறுகையில் நித்யாவுக்குக் காலில் பூட்ஸ் இருப்பதே தெரியவில்லையாம். இறங்கும்போதோ கணுக்கால் ஆடி, அடியில் மாட்டிய ஸ்கீ பலகை பனியைப் பிடிக்காமல், பாறை ஓரம்வரை இழுபட்டுப் போயிருக்கிறார். அதே நாள், அதே சரிவில் கார்த்திக் சுகமாக இறங்கியிருக்கிறார்.

இறங்குமுன் பின்பக்க லீவரைப் பூட்டினால்தான் இந்த பூட்ஸ் விறைப்பாக நிற்கும். என் சந்தேகமும் அங்கேதான் போயிற்று.

"லீவரைப் பூட்டினனீங்களோ, தங்கச்சி?"

"பூட்டினேண்ணா. ரெண்டு தடவ பார்த்தேன்."

"மறந்திருப்பா. பயத்துல கூட்டிச் சொல்றா," என்றார் கார்த்திக்.

நித்யா தன் பூட்ஸை என் பக்கம் தள்ளினார்.

இரண்டு சோடியையும் உள்ளே கொண்டுபோய்ப் பார்த்தேன். லீவர், வெளி ஓடு, உள்ளுறை எதிலும் வித்தியாசமில்லை. வேறு சோடி கொடுத்து அனுப்பிவிடச் சொன்னார் கடைப் பொறுப்பாளர். எனக்கு மனம் வரவில்லை. உண்மையிலேயே பழுது இருந்தால் அடுத்தவர் பாறையில் மோதுவார். நித்யாவையும் நம்பினேன், கார்த்திக்கையும் நம்பினேன். இரண்டும் எப்படி ஒன்றாக உண்மையாகும் என்றுதான் பிடிபடவில்லை.

அடுத்த ஞாயிறு மூவருமாக அந்த மலைக்கே போனோம். நித்யா இழுபட்டுப் போன நாளில் அவர் காலையிலேயே இறங்கிவிட்டதும், கார்த்திக் மேலே இருந்து சாப்பிட்டு மத்தியானம் இறங்கியதும் அங்கே போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நாங்கள் போன காலையிலும் இரவுக் குளிரில் பனியின் மேற்பரப்பு கண்ணாடிபோல் இறுகியிருந்தது. பாறையில்லாத பக்கமாகக் கார்த்திக் முதலில் இறங்கினார். இரண்டாவது திருப்பத்தில் ஸ்கீ கடகடவென்று அதிர, பக்கவாட்டில் சறுக்கி விழுந்தார். எழுந்து லீவரைப் பார்த்தார். பூட்டித்தான் இருந்தது.

மத்தியான வெயிலில் மேற்பரப்பு இளகியதும் மறுபடி இறங்கினார். ஒரு தடுமாற்றமும் இல்லை.

"நீ சொன்னது சரிதான் நித்யா. நான்தான் நம்பல."

"எனக்கே என் மேல நம்பிக்கை போயிருந்துச்சு," என்றார் நித்யா.

பிற்பகல் பனி ஈரமாகிக் கனத்தபோது மூவருமே தடுமாறினோம். கடைசியில் விறைப்பான, கனமான சோடிக்கு மாறியவர் கார்த்திக். பனி இளகும் வேளை பார்த்து இறங்கிக்கொள்வதாகச் சொல்லி நித்யா பழையதையே வைத்துக்கொண்டார். பொறுப்பாளருக்கு இதை விளக்கப்போய் நானே குழம்பினேன்.

அந்த மாடல் நல்லதா என்று கேட்டால் இன்றும் என்னிடம் ஒற்றைப் பதில் இல்லை. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்வேன்: இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால், ஒருவர் பொய் சொல்கிறார் என்று நினைக்கமுன், அவர்கள் நின்ற பனி ஒன்றுதானா என்று கேளுங்கள்.